நடை சாத்தும் ஹெல்மெட்

என் கணவருக்கு வாய்தான் மூலதனம். பழனி அடிவாரத்தில் எங்கள் மாலைக்கடைக்கு இடது பக்கமும் மாலைக்கடை, வலது பக்கமும் மாலைக்கடை. எல்லோரிடமும் அதே சம்பங்கி, அதே மரிக்கொழுந்து. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்குகிற கூட்டம் மற்ற இரண்டையும் தாண்டி எங்களிடம் வந்து நிற்கிறதென்றால், அது ஜெயமுருகன் என்கிற இந்த மனிதரின் பேச்சுக்காகத்தான். பொள்ளாச்சிக்காரரிடம் தேங்காய் விலை கேட்பார். காரைக்குடிக்காரரிடம் அவர் வீட்டுக் கல்யாணத்தை விசாரிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே மாலை கைமாறிவிடும். கடையை மூடிய பிறகும் அந்த வாய் மூடாது. அது எனக்கு வாய்த்தது.

என் பெயர் தேவசேனா. கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில், பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். முருகனைக் கட்டிக்கொண்ட மலைக்காரிக்கு வள்ளி என்றல்லவா பெயர் இருக்க வேண்டும், இதென்ன பெயர் மாறிக் கிடக்கிறது என்று கல்யாணத்தன்றே என் மாமியார் கேலி செய்தார். பெயரை மாற்ற முடியாது அத்தை, வேண்டுமானால் உங்கள் மகனை மாற்றிக் கொடுங்கள் என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல சிநேகம்.

அவர்கள் தலைமுறையாகச் சாமிக்கு மாலை கட்டிக்கொடுக்கிற குடும்பம். வீட்டுப் பேச்சே கோயில் பேச்சுதான். எந்தக் கோயிலில் எப்போது நடை திறப்பு, எப்போது நடை சாத்துவது என்பதை வைத்துத்தான் சாப்பாடும் தூக்கமும். சாமிக்குச் சாத்திக் களைந்த மாலை, அதாவது நிர்மாலியம், வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக அதன் நாரை அறுத்துவிடுவார்கள். யாரும் எடுத்து மறுபடி சாத்திவிடக் கூடாது என்பதற்காக. பிறகு கால் படாத இடமாகப் பார்த்து மரத்தடியில் போடுவார்கள். இதற்கென்றே என் கணவரின் சட்டைப் பையில் சின்னக் கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் இருக்கும். மற்ற ஆண்கள் பேனா வைத்துக்கொள்வார்கள்.

பூம்பாறைப் பூண்டு நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு. தம்பி குகன்தான் பார்த்துக்கொள்கிறான். நடவு, களை, பறிப்பு என்று ஏதாவது ஒரு சாக்கில் அடிக்கடி நானும் இவரும் பைக்கில் பழனி மலைப்பாதை வழியாக ஏறி, பெருமாள்மலை, செண்பகனூர், கொடைக்கானல் தாண்டிப் போவோம். வழி முழுக்க இவர் பேசிக்கொண்டே வருவார். நான் கேட்கிறேனா என்று பார்க்கத் தலையை வேறு பின்னால் திருப்புவார். முகத்தை முழுக்க மூடுகிற ஹெல்மெட் வாங்குங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். அதைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்பார். முட்டுவது மூச்சில்லை, பேச்சு என்று எனக்குத் தெரியாதா?

இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தவர் செண்பகனூர் லீலாக்கா. ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், மழைக்கோட்டு, ஹெல்மெட் எல்லாம் தொங்கும் சாலையோரக் கடை அவருடையது. பல் கிட்டிக்க வந்து நிற்கும் சுற்றுலாப் பையன்களை அதட்டி அதட்டியே வியாபாரம் செய்வார். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியபோது எங்கள் வாக்குவாதத்தைக் காதில் வாங்கியவர், எழுந்துபோய் ஒரு ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டு வந்தார். தாடைப் பகுதியை மட்டும் மேலே தூக்கிவிடக்கூடியது அது. வண்டியை நிறுத்திவிட்டால் தூக்கிக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஓட்டும்போது இறக்கிப் பூட்டிவிட வேண்டும் என்றார்.

பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று, இன்னும் பளபளப்பாகத் தொங்கியது. இவர் கை அதற்குத்தான் போனது. லீலாக்கா இரண்டின் பூட்டையும் திறந்து காட்டினார். பளபளப்பானதில் பூட்டு பிளாஸ்டிக். மற்றதில் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி.

"தம்பி, அது தூக்கித் தூக்கி இறக்குறதுலயே தேஞ்சு லொடலொடன்னு ஆயிரும். லாக் நிக்கலைன்னா அப்புறம் அது மூஞ்சிக்கு முன்னால தொங்குற தோரணம்தான்."

பிறகு ஏன் அதைக் கடையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இப்படிப் பக்கத்தில் வைத்துக் காட்டத்தான் என்றார். இரும்புக் கொக்கி போட்டதையே வாங்கினோம். அந்த அக்காவை நினைத்து நான் விளக்கேற்றாத வெள்ளிக்கிழமை இல்லை. ஏன் என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

புது ஹெல்மெட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்று, தாடையைத் தூக்கி முகம் காட்டியவரைப் பார்த்த மாமியார், என்னடா நடை திறக்கிற மாதிரி இருக்கு என்றார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தூக்கினால் நடை திறப்பு, இறக்கினால் நடை சாத்துவது. ஆனால் சாத்துவதற்குத்தான் இவருக்கு மனசே வராது. மலைப்பாதையில் ஏறியதும் மெல்லத் திறந்துவிட்டுக் கதையை ஆரம்பிப்பார். தூக்கிவிட்ட தாடை காற்றை வாங்கித் தலையைப் பின்னுக்கு இழுக்கும். அதற்கும் அசர மாட்டார். நான் பின்னாலிருந்து ஹெல்மெட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவேன். நடை சாத்துங்கள் என்று அர்த்தம். உச்சிக்காலம் முடியட்டும் என்பார். சொல்லிக்கொண்டிருக்கிற கதை முடியட்டும் என்று அர்த்தம்.

போன ஐப்பசியில் பூம்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது, பனிமூட்டம் விடவில்லை. இவர் ஒரு திருப்பூர்க்காரர் கதையை ஆரம்பித்திருந்தார். புது லாரிக்கு மாலை வாங்க வந்த மனிதர், லாரியின் அளவு தெரியாமல், பெண்டாட்டியைக் கடைவாசலில் நிறுத்தி, இவளைப் போல நாலு மடங்கு என்று அளவு சொன்னாராம். அந்த அம்மா என்ன செய்தார் என்கிற இடத்துக்குக் கதை வரும்போது சவரிக்காட்டை நெருங்கிவிட்டோம். அங்கே வளைவுகள் மோசம். நான் இரண்டு தட்டுத் தட்டினேன். உச்சிக்காலம் என்றார். நான் மறுபடி தட்டினேன், இந்த முறை கொஞ்சம் பலமாகவே. முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். இரண்டு பக்கமும் கொக்கி விழுகிற டக் சத்தம் கேட்டது.

அடுத்த வளைவில் மழை இழுத்துவந்த செம்மண் சாலை முழுக்கப் பரவிக் கிடந்தது. சக்கரம் அதில் ஏறியதுதான் தெரியும். நான் ஓரத்து உண்ணிச்செடிப் புதரில் விழுந்தேன். முழங்கை உரிந்தது, அவ்வளவுதான். இவர் வண்டியோடு சறுக்கிப்போய்ச் சாலையோரக் கல்லில் முகம் மோதி நின்றார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எழுந்து ஓடினேன். இவர் உட்கார்ந்திருந்தார், ஆனால் பேசவில்லை. என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அத்தனை நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தாடை போய்விட்டது, பேச்சு போய்விட்டது என்றே நினைத்தேன். முருகா, இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், மொட்டை போடுகிறோம் என்று வாய்விட்டே சொன்னேன். இவர் ஹெல்மெட்டின் தாடையோடு இரண்டு கையாலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது.

"நடை தெறக்க மாட்டேங்குது தேவசேனா."

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தேன் என்று இவர் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். அது உண்மைதான்.

தாடைப் பகுதியில் கல் உரசிய வெள்ளைத் தழும்பும், மயிரிழை போல ஒரு விரிசலும். ஒரு பக்கக் கொக்கி வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை, நாக்கை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார். பழனியில் காட்டிய டாக்டர் இவரைவிட ஹெல்மெட்டைத்தான் அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது திறந்திருந்தால் தாடை எலும்பு தூள் என்றார். நான் கடையை நினைத்தேன். பேசாமல், கம்பி கட்டிய வாயோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இவரை நினைத்தேன். மேற்கொண்டு நினைக்கப் பிடிக்கவில்லை.

நன்றியில் எங்கள் வீட்டுக்காரர் யாருக்கும் குறைந்தவரில்லை. மறுநாளே அந்த ஹெல்மெட்டைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகை சுற்றிப் பூஜை அலமாரியில் உட்கார்த்திவிட்டார். மாமியார் அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டினார். அதோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வளைந்த கொக்கியைக் குறட்டால் நிமிர்த்தி, தேங்காய் எண்ணெய் விட்டு, மல்லிகையைக் கழற்றி வைத்துவிட்டு அதையே போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நன்றி சொல்ல லீலாக்காவுக்குப் போன் செய்தபோது இதையும் சொன்னேன். அக்கா பதறிவிட்டார். ஹெல்மெட்டுக்குள் தெர்மாகோல் போல ஒன்று இருக்கிறது, அடியைத் தலைக்கு விடாமல் அதுதான் நசுங்கி வாங்கிக்கொள்கிறது, ஒரு தடவை நசுங்கினால் திரும்ப எழாது, வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் அடுத்த அடிக்கு அது வெறும் சட்டிதான் என்றார். அப்படியே இவரிடம் சொன்னேன். இவர் முகம் சுருங்கிவிட்டது. உயிரைக் காப்பாற்றியதை ஒரு விரிசலுக்காகத் தூக்கிப் போடுகிற நன்றிகெட்டவனா நான் என்று கேட்டார். ஒருமுறை காப்பாற்றியது மறுமுறை காப்பாற்றாதா என்றும் கேட்டார். அவர் சொன்னதில் எனக்கே பாதி நியாயம் தெரிந்ததுதான் வினை. எனக்கும் அதன்மேல் அத்தனை நன்றி இருந்தது. கையில் எடுத்தாலே கண்ணில் நீர் முட்டும். அதைப் போய் எப்படி வேண்டாம் என்பது?

கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்து மொட்டை போட்டோம். நேர்ந்துகொண்டது நான், முடி அவருடையது. அடர்ந்த சுருட்டை முடி. சீப்பைச் சட்டைப் பையில் கத்தரிக்கோலுக்குத் துணையாக வைத்திருந்தவர். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் குனிந்து உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு வந்தபோது தொட்டில் பிள்ளை போல இருந்தார். பிரசாதமும் பஞ்சாமிர்த டப்பாக்களும் எடுத்துக்கொண்டு, வெரசாக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் குகன் வீட்டில் இருக்கலாம் என்று அப்படியே வண்டியைக் கிளப்பினோம்.

பழனியில் எத்தனையோ பேர் மொட்டை போட்டுக்கொண்டு பைக்கில் ஊர் திரும்புகிறார்கள். முடியோடு அளவெடுத்த ஹெல்மெட் மொட்டைக்குப் பெரிதாகிவிடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் ஆடுகிறதே என்று இவரே சிரித்துக்கொண்டு வாரை இறுக்கினார். உள்ளே சந்தனம் வேறு ஈரம். மலையேறியதும் வழக்கம்போல நான் இரண்டு தட்டுத் தட்டினேன். தட்டு விழுந்ததும் ஹெல்மெட் இவர் தலையில் மெல்லத் திரும்பியது. தலை திரும்பவில்லை, ஹெல்மெட் மட்டும் திரும்பியது. எனக்கு என்னவோ போலானது. இவர் நடையைச் சாத்தினார். ஒரு பக்கம் டக் என்றது. மறுபக்கத்துச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நிறுத்திப் பாருங்கள் என்றேன். அதெல்லாம் பூட்டிக்கொண்டது என்றார்.

பெருமாள்மலை தாண்டிச் செண்பகனூரை நெருங்கும் வளைவில், மேலேயிருந்து ஒரு சுற்றுலா வேன் எங்கள் பக்கமாகவே இறங்கி வந்தது. இவர் சட்டென்று பிரேக் பிடித்தார். பிடித்த வேகத்தில் ஹெல்மெட் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்து கண்ணை மூடியது. வளைந்த கொக்கி விட்டுப்போய்த் தாடைப் பகுதி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. "கண்ணு தெரியல" என்றார். இரண்டே வார்த்தை. நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தேன். கண்ணுக்கு வழி கிடைத்ததும் வண்டியை ஓரத்துக்கு ஒடித்தார். சாலையோரச் சுவரை உரசிக்கொண்டு வண்டி நின்றது. வேன் எங்களைக் கவனிக்காமலே இறங்கிப் போய்விட்டது.

இரண்டு பேரும் சுவரில் உட்கார்ந்தோம். இவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கோணல் தாடையை மெல்ல நேராக்கப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் தழும்பு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்த அவரைப் பார்த்ததும் கத்த முடியவில்லை.

"என்னக் காப்பாத்துனது இது. அடிபட்டுருச்சுன்னு தூக்கிக் கெடாசச் சொல்றியா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அந்த முருகன்தான் தோன்றவைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சாமிக்கு ஒருக்காச் சாத்துன மாலையத் திரும்ப எடுத்துச் சாத்துவீங்களா?"

"அது எப்படி? அது நிர்மாலியம்ல."

"வாடாமப் புதுசாவே கெடந்தாலும்?"

"புதுசாக் கெடந்தா என்ன. சாத்துனது சாத்துனதுதான்."

"அப்ப இதும் சாத்துனதுதாங்க. உங்களுக்கு விழ வேண்டிய அடிய இது வாங்கிக்கிருச்சு. இதோட சோலி அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. இன்னொருக்காக் கேட்டா இதுக்குத்தான் அவமரியாதை."

வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். ஆனால் இந்த முறை எனக்குப் பயமாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். ஏற்றம்தான். மொட்டைத் தலையில் வெயில் பட்டுச் சந்தனம் காய்ந்து வெடித்தது. நான் ஹெல்மெட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தேன். எதிரே வந்த டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களை ஏதோ நேர்த்திக்கடன் ஊர்வலம் என்றே நினைத்திருப்பார்கள்.

லீலாக்கா எங்களைப் பார்த்ததும் நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். ஆரம்பிக்கவில்லை. ஹெல்மெட்டை வாங்கி உள்மெத்தையைப் பிரித்து, தாடைக்கு நேராக விரலை விட்டுக் காட்டினார். அந்த வெள்ளைப் பொருள் அங்கே மட்டும் அமுங்கி, பள்ளமாக இருந்தது. இவர் தன் விரலையும் அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய தாடையில் விழுந்திருக்க வேண்டிய பள்ளம்தான் அது. இவர் கண் கலங்கியதை லீலாக்கா பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பி, புது ஹெல்மெட் ஒன்றை இறக்கினார். அதே இனம், அதே இரும்புக் கொக்கி.

மொட்டைக்கு அதுவும் ஆடியது. அக்கா அதன் மெத்தைகளை உருவிவிட்டுத் தடித்த மெத்தைகளை மாட்டினார். தலையை உலுக்கச் சொன்னார், குனியச் சொன்னார், பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. "முடி வளந்ததும் வாங்க தம்பி, பழைய பேட் மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் இதோட ஓட்டுங்க" என்றார்.

பிறகு பழையதைக் கையில் எடுத்து, வேறு யாரும் பொறுக்கிப் போட்டுக்கொள்ளாமல் இருக்க இதன் வாரை வெட்டிவிடுவதுதான் வழக்கம் என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலைத் தேடினார். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். நாரை அறுக்கிற வழக்கம் ஹெல்மெட்டுக்கும் உண்டு என்று அவருக்கு அன்றுதான் தெரியும்.

"குடுங்கக்கா. நான் அறுக்குறேன்."

சட்டைப் பையிலிருந்து மாலைக் கத்தரிக்கோலை எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டார். ஹெல்மெட்டை ஒருமுறை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, நல்லாக் காத்தீங்க, போதும் என்று அதனிடமே சொன்னார். சாமியிடம் பேசுகிற அதே குரல். வாரை இரண்டு பக்கமும் அறுத்தார். பூநார் வெட்டுகிற கத்தரிக்கோல் அந்தத் தடித்த வாருக்குத் திணறியது, அவர் விடவில்லை. லீலாக்கா அதைக் கடைக்குள் கால் படாத உயரத்தில், மேல் தட்டில் ஏற்றி வைத்தார். வாங்க வருகிற பையன்களுக்கு அந்தப் பள்ளத்தைக் காட்ட வேண்டும் என்றார். நாங்கள் குகனுக்கு வைத்திருந்த பஞ்சாமிர்தத்தில் ஒரு டப்பாவை அக்காவின் கையில் கொடுத்து, காலில் விழாத குறையாகக் கும்பிட்டோம். போங்க, கூட்டம் வருது என்று அதட்டினார்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் இவர் முகத்தைப் பின்னால் திருப்பினார். "அந்தத் திருப்பூர்க்காரர் கதைய முடிக்கவே இல்லையே" என்றார். உண்மைதான், லாரிக்கு அளவு கொடுத்த அந்த அம்மா என்ன செய்தார் என்று எனக்கு அந்த ஐப்பசியிலிருந்து தெரியாது. சரி, உச்சிக்காலம் ஆரம்பம் என்று நினைத்து, தட்டுவதற்கு விரலை மடக்கினேன்.

"பூம்பாறை போயிச் சொல்றேன்" என்றார். திரும்பி உட்கார்ந்து, தானாகவே நடையைச் சாத்தினார். இரண்டு பக்கமும் டக் சத்தம் கேட்டது.

கொடைக்கானல் தாண்டும்வரை ஒரு பேச்சில்லை. பைன் மரக்காடு வந்தது, பனி இறங்கியது. மூடிய அந்த ஹெல்மெட்டுக்குள் பல்லும் தாடையும் சொல்லாத கதையுமாக இவர் முழுசாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஹெல்மெட்டில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினேன்.

"சாத்தித்தான கெடக்கு" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

தெரியும் என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது. அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, இன்னும் ஒருமுறை தட்டினேன்.